பொங்கல் கணக்கு

பேரேட்டில் அதைப் 'பொங்கல்' என்றுதான் எழுதுவேன். கள்ளக்குறிச்சியில் ஒரு வெல்ல மண்டியில் பதினாறு வருஷம் கணக்கு எழுதினேன். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வருகிற சிலர் நல்ல வெல்லத்தைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். கறுத்துக் கசிந்து ஈ மொய்க்கிற சிப்பம்தான் வேண்டும். "தம்பி, பொங்கலுக்கு நாலு சிப்பம் போடு" என்பார் ஒரு கவுண்டர். அது ஆடி மாசமாக இருக்கும். நானும் முகம் மாறாமல் எழுதிக்கொள்வேன். கச்சிராயபாளையம் தாண்டி மலையேறியதும் அந்த வெல்லம் என்ன ஆகும் என்பது ஊரில் யாருக்குத்தான் தெரியாது?

ஒரு தடவை என்னை மேலே கூட்டிப்போனார். ஓடையோரப் புதர் மறைவில் நீல பிளாஸ்டிக் பேரல்கள். வெல்லத் தண்ணீரில் கடுக்காயும் வேலம்பட்டையும் ஊறிக் கிடந்தன. பேரலில் காதை வைக்கச் சொன்னார். உள்ளே உலை கொதிப்பதுபோல் சத்தம். "இது அடங்கினாத்தான் அடுப்பேத்தணும் தம்பி." போலீஸ் ஊறலைக் கொட்டினால் நஷ்டம், பிடித்தால் ஜெயில், வெளியே வந்தால் மறுபடி பேரல். 1976 வரை மூன்று ஜாகிர்தார்களுக்குக் கொத்தடிமையாக உழைத்த மலை அது. ஓட்டுப் போடவே 1996 வரை காத்திருந்த ஜனங்கள். மரவள்ளியையும் சாமையையும் கீழே கொண்டுவந்தால் வண்டி வாடகைக்கே கட்டாது. சாராயம் மட்டும் லாரி ட்யூபில் ஏறித் தோள்மேலேயே இறங்கிவிடும். அவருக்கு வக்காலத்து வாங்கவில்லை. அந்தச் சாராயத்தால் கெட்ட குடும்பங்களையும் பார்த்தவன் நான்.

2024 ஜூன் 18 அன்று கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விற்ற சாராயப் பாக்கெட் வேறு ஜாதி. அதற்கு வெல்லமும் வேண்டாம், ஊறலும் வேண்டாம், மலையே வேண்டாம். ஆலைகளுக்குப் போக வேண்டிய மெத்தனால் கலந்த சரக்கு. கோர்ட்டும் போலீஸ் ஸ்டேஷனும் கூப்பிடு தூரத்தில் இருக்கிற தெருவில் விற்றது.

எங்கள் மண்டியில் மூட்டை தூக்குகிறவருக்கு வீடு அங்கேதான். மறுநாள் வேலைக்கு வரவில்லை. தேடிப்போனேன். பதினோரு மணி வெயில். திண்ணையில் சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். "கணக்குப்பிள்ளை, கரண்ட் எப்ப வரும்?" என்றார்.

தெருவில் அதற்குள் ஒப்பாரி கேட்க ஆரம்பித்திருந்தது. சாவுக்கு வந்தவர்களும் அதே பாக்கெட்டைக் குடித்தார்கள் என்றார்கள். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி நிரம்பி சேலம், முண்டியம்பாக்கம், ஜிப்மர் என்று ஆம்புலன்ஸ்கள் பறந்தன. மெத்தனால் உடம்புக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்கும், அதற்கு எத்தனாலையே முறிமருந்தாகக் கொடுப்பதுண்டு என்று வராந்தாவில் ஒரு நர்ஸ் விளக்கினார். எத்தனால் என்றால் குடிக்கிற சாராயம்தானே. எனக்கு அந்த நீல பேரல் ஞாபகம் வந்தது.

மறுநாள் கோமுகி ஆற்றங்கரையில் வரிசையாகச் சிதை அடுக்கினார்கள். மழை வேறு. சாவு 65-ஐத் தாண்டியது. வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போய், நவம்பரில் உயர் நீதிமன்றம் சி.பி.ஐ.க்கு மாற்றியது. எங்கள் ஆள் சேலத்திலிருந்து திரும்பவில்லை.

அந்த வாரமே மலையில் ஊறல் அழிப்பு மும்முரமானது. மண்டிக்கும் இரண்டு போலீஸ்காரர்கள் வந்து பேரேட்டைப் புரட்டினார்கள். "ஆடியிலயும் பொங்கலா?" என்றார் ஒருவர். சில வருஷம் முன்னால் இன்னொருவர் இதையே கேட்டபோது, அவரும் நானும் சேர்ந்து சிரித்தோம்.

இந்த முறை வந்தவர் விரலை எச்சில்படுத்தி அடுத்த பக்கம் திருப்பினார். மூட்டைக் கூலி. 18-ந் தேதி, 42 மூட்டை. அதற்குக் கீழே, சாயங்காலம் அவசரமாகக் கிறுக்கிய என் கையெழுத்தில், அட்வான்ஸ் ரூ.100. அந்தப் பக்கத்தில் அவர் நிற்கவில்லை.