ரீசெட் ஆனா திட்டாதீங்க

மறைமலை நகர்ல ராத்திரி ஃபேன் மெதுவாச் சுத்தினா, லோ வோல்டேஜ்னு நமக்கே தெரியும். மைக்ரோகன்ட்ரோலரில் அதைக் கண்டுபிடிப்பது பிரவுன்-அவுட் டிடெக்டர்; வோல்டேஜ் குறைந்தால் சிப்பை ரீசெட்டில் நிறுத்தும்.

ஏடிமெகா328பி சிப் 4 மெகாஹெர்ட்ஸில் ஓட 1.8 வோல்ட் போதும். 10 மெகாஹெர்ட்ஸுக்கு 2.7 வேணும். 3 வோல்ட் காயின் செல்லில் ரேடியோ ஆன் ஆனதும் வோல்டேஜ் சட்டென்று இறங்கும். அந்த நேரத்துக்குள் மல்டிமீட்டர் காட்டாது; ரீசெட்தான் காட்டும்.

கரன்ட் மிச்சம்னு டிடெக்டரை ஆஃப் பண்றவங்க யோசிங்க: குறைந்த வோல்டேஜில் சிப் உளறும், ஈஈப்ராமில் சேமித்த ரீடிங்கும் கெடலாம். தப்பான ரீடிங்கை நம்புறதைவிட ரீசெட்டே மேல்னு நான் சொல்வேன்.

அடுத்த தடவை ரீசெட் ஆனா, எம்சியுஎஸ்ஆர் ரெஜிஸ்டரைப் படிங்க. பூட்லோடர் அழிக்கலைன்னா காரணம் அதிலேயே இருக்கும். அப்புறம் கிளாக்கைக் குறைங்க, செல்லுக்குப் பக்கத்துல ஒரு கெப்பாசிட்டர் போடுங்க. கோடைத் திருத்துறது அதுக்கப்புறம்.