மின்னல் ஒண்ணு கொடுங்கண்ணே!

பாலாறு, செய்யாறு, வேகவதி மூணும் கூடுற திருமுக்கூடலுக்குப் போயிருக்கீங்களா? காஞ்சிபுரம் பக்கம்தான். அங்கே அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் 11-ம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒண்ணு இருக்கு. வீரராஜேந்திர சோழன் காலத்து 15 படுக்கை ஆஸ்பத்திரி, மாணவர் விடுதி, சாப்பாட்டுச் செலவு எல்லாம் அதில் உண்டு. தமிழ்தான். ஆனா, நம்மால் ஒரு வரி வாசிக்க முடியாது. விவரம் தெரிஞ்சவர் விரல் வைத்துச் சொன்னால்தான் புரியும். அதுக்காக யாரும் வெட்கப்படுறதில்லை.

அப்புறம் பிரெஞ்சு மெனுவைப் பார்த்து மட்டும் ஏன் பாஸ் வியர்க்குது?

எனக்கும் வியர்த்தது. 1954 வரை பிரெஞ்சு ஆட்சி நடந்த புதுச்சேரியில், ஒரு ரெஸ்டாரன்ட். எல்லாம் தெரிஞ்ச மாதிரி தலையாட்டி, 'ஃப்ரொமாஜ்' என்ற வார்த்தையைக் காட்டினேன். ஸ்வீட் வரும்னு பார்த்தால், சீஸ் துண்டுகள்! டெசர்ட்டுக்கு முன்னாடி சீஸ் சாப்பிடுறது அவங்க வழக்கமாம். பர்ஸில் இருந்தது அதுக்கே சரியாப் போச்சு. பசியோடு பஸ் ஏறினேன்.

நீங்க ஏமாறாதீங்க. 'மெனு'ன்னா அங்கே நம்ம 'மீல்ஸ்' மாதிரி, ஒரே விலையில் செட் சாப்பாடு. அட்டைக்குப் பேர் 'கார்த்'. 'கிளாஸ்'னா டம்ளர் இல்லை, ஐஸ்க்ரீம். 'எக்லேர்'னா மின்னல்! நீளமான பேஸ்ட்ரி, உள்ளே க்ரீம், மேலே சாக்லேட் பூச்சு. 'மில் ஃபெய்'னா ஆயிரம் இலை, அடுக்கடுக்கா இருக்கும். 'பேன் பெர்தூ'ன்னதும் தலையைச் சொறியாதீங்க. 'பேன்'னா ரொட்டி. தொலைஞ்சுபோன ரொட்டின்னு அர்த்தம். காய்ஞ்ச ரொட்டியைப் பால், முட்டையில் நனைச்சுப் பொரிச்சது. அட, நம்ம பாம்பே டோஸ்ட்!

தேன்குழலில் தேன் இருக்கா என்ன? எக்லேரில் மின்னலும் அப்படித்தான். ஊருக்கு ஊர் சமையல்கட்டில் பேர் வைக்கிற குசும்பு ஒண்ணுதான்.

ஆசையா இருந்தா, 'ழெ வூத்ரே அன் எக்லேர், சில் வூ ப்ளே'ன்னு கேளுங்க. 'எனக்கு ஒரு எக்லேர் வேணும், ப்ளீஸ்'னு அர்த்தம். பில்லுக்கு, 'லாதிசியோன், சில் வூ ப்ளே'.

நாக்கு சுளுக்கினால்? "அண்ணே, இது என்ன?"ன்னு தமிழில் கேளுங்க. புதுச்சேரி நம்ம ஊரு பாஸ். கல்வெட்டுக்குக் கேட்கலாம்னா, கேக்குக்கும் கேட்கலாம்!