நாடுகளின் எண்ணிக்கை

உலகில் நாடுகள் எத்துணை என வினவின், 193 என்பார் பலர். அஃது ஐக்கிய நாடுகள் அவையின் உறுப்பினர் தொகையேயாம். 1945-இல் அவ்வவை தோன்றியபொழுது, ஆங்கிலேயர் ஆட்சிக்கு உட்பட்டிருந்த இந்தியாவும் உறுப்பாயிற்று. நெடுங்காலம் தனியரசாய் விளங்கிய சுவிட்சர்லாந்தோ 2002-ஆம் ஆண்டிலேதான் சேர்ந்தது. அதற்கு முன் அது நாடன்றோ?

மக்கள், நிலம், அரசு, பிற அரசுகளோடு உறவுகொள்ளும் ஆற்றல் ஆகிய நான்கும் அமைந்ததே நாடென, 1933-இல் மாண்டிவிடியோ நகரில் எழுந்த உடன்படிக்கை வகுத்தது. அவ்விலக்கணம் தைவானுக்குப் பொருந்தும் என அறிஞர் பலர் கருதுவர். சீன அரசு மறுக்கும். 1971-இல் அவையின் சீன இருக்கை பெய்ஜிங் அரசுக்குச் சென்றது முதல் தைவானுக்கு ஆங்கு இடமில்லை. பன்னாட்டுத் தர நிர்ணய நிறுவனத்தின் பட்டியலும் அதனைச் சீன மாகாணம் என்றே குறிக்கின்றது. இரண்டு கோடிக்கு மேற்பட்ட அத்தீவினர், அப்பட்டியலைத் தழுவிய படிவங்களில் தம் மண்ணின் பெயரை அவ்வாறே காண்கின்றனர்.