ஷேக்ஸ்பியருக்கு முன் உழுதவர்கள்

மறுமலர்ச்சிக் கால ஆங்கில இலக்கியம் என்றதும் ஷேக்ஸ்பியரின் பெயரே நம் நாவில் முந்தி நிற்கிறது. என் நெஞ்சமோ அவருக்கு முன் உழைத்தவர்களை நாடுகிறது.

1476இல் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் நிறுவிய பின்னரும், கற்றோரிடையே இலத்தீனே கோலோச்சியது. இலத்தீனில் எழுதுவது தமக்கு எளிது என்று கூறிய ரோஜர் ஆஸ்கம், 1545இல் வில்வித்தை பற்றிய நூலை ஆங்கிலத்திலேயே எழுதினார். அவருக்கும் முன்னர், ஏர் உழுபவனும் மறைநூலை அறிய வேண்டுமென்ற வேட்கையால், வில்லியம் டிண்டேல் புதிய ஏற்பாட்டை ஆங்கிலத்தில் பெயர்த்து 1526இல் ஜெர்மனியில் அச்சிட்டார். மதத்துரோகி என்று தீர்ப்பிட்டு, 1536இல் அவரைக் கொன்று எரித்தனர். அவருடைய சொற்களோ 1611ஆம் ஆண்டு ஆங்கில விவிலியத்தில் பெருமளவு வாழ்கின்றன.

மேதைகள் வானிலிருந்து குதிப்பதில்லை. இத்தகையோர் பண்படுத்திய நிலத்திலேயே விளைகின்றனர் என்பது என் துணிபு.