விற்காமல் விட்ட காணி

நோர்வே நாட்டின் தலைநகர் ஒஸ்லோ. அந்நகரின் ஊடே ஆக்கர்ஸ் என்றொரு சிற்றாறு ஓடுகிறது. வடக்கேயுள்ள மாரிடால் ஏரியில் புறப்பட்டு, சுமார் 8 கிலோமீற்றர் தூரம் மட்டுமே ஓடிக் கடலோடு கலந்துவிடும் ஆறு அது. ஆனால் அந்தக் குறுகிய தூரத்துக்குள் பல இடங்களில் அருவியாக விழுகின்றது. அந்த நீரின் வேகந்தான் 19ஆம் நூற்றாண்டில் நெசவாலைகளைச் சுழற்றியது. ஆற்றுக்கு மேற்கே வசதியுள்ளவர்கள், கிழக்கே தொழிலாளர்கள் என்று நகரமும் இரண்டாகப் பிரிந்தது.

அந்தக் கிழக்குக் கரையில் கிரூனர்லொக்கா என்ற பகுதி இருக்கிறது. லொக்கா என்றால் நகருக்கு வெளியே வேலியடைத்த நிலம். 17ஆம் நூற்றாண்டில் நாணயச்சாலை அதிகாரியாக இருந்த பிரெட்ரிக் கிரூனரின் குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்ததால் அந்தப் பெயர் வந்தது. இன்று அங்கே ட்ராம் வண்டி ஓடும் பிரதான வீதியின் பெயர் தோர்வால் மேயர் வீதி. யார் இந்த மேயர்? தெருவுக்குப் பெயர் சூட்டும் அளவுக்கு அவர் என்ன செய்தார்?

மரம் விற்றவர் நிலம் வாங்கினார்

தோர்வால் மேயர் 1818இல் பிறந்தார். அப்போது நகரின் பெயர் கிறிஸ்டியானியா. 1925இல்தான் அது ஒஸ்லோ ஆனது. தந்தை வணிகர். மகனும் மர வியாபாரத்தில் இறங்கி, நகரின் பெருஞ்செல்வந்தர்களில் ஒருவரானார்.

1850இல் சுமார் 30,000 பேர் வாழ்ந்த அந்நகருக்கு, ஆலை வேலை தேடிக் கிராமங்களிலிருந்து சனங்கள் வந்து குவிந்தார்கள். 1900ஆம் ஆண்டாகும்போது சனத்தொகை 2 இலட்சத்தைத் தாண்டிவிட்டது. இத்தனை பேரும் எங்கே படுத்துறங்குவது? இந்தக் கேள்வியில் மற்றவர்கள் நெருக்கடியைக் கண்டார்கள். மேயர் வியாபாரத்தையும் கண்டார். 1860களின் தொடக்கத்தில் கிரூனர்லொக்காவில் பெரும் பரப்பான நிலத்தை வாங்கினார். நேர் வீதிகள் வகுக்கப்பட்டன. நிலம் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டு, வீடு கட்டுவோருக்கு விற்கப்பட்டது.

தீ விபத்துக்கு அஞ்சி, நகர எல்லைக்குள் மரவீடு கட்டக்கூடாது என்பது பழைய சட்டம். கிரூனர்லொக்கா நகரோடு சேர்க்கப்பட்டதால் அங்கும் கல்லாலும் செங்கல்லாலுமே கட்டவேண்டியிருந்தது. நான்கு ஐந்து மாடிகள் கொண்ட வாடகைக் கட்டடங்கள் வரிசையாக எழுந்தன.

சுவர்களுக்கு உள்ளே

வெளியிலிருந்து பார்த்தால் அழகான கட்டடங்கள். உள்ளே இருந்த வாழ்க்கையை, சகோதரிகளே, நீங்கள்தான் நன்கு விளங்கிக்கொள்வீர்கள். பல குடும்பங்களுக்கு ஓர் அறை, ஓர் அடுக்களை, அவ்வளவுதான். அதற்குள்ளே தாய், தந்தை, பிள்ளைகள். வாடகை கட்டுவதற்காக ஒரு மூலையை இன்னொருவருக்குக் கொடுத்தவர்களும் உண்டு. மலசலகூடம் பின்முற்றத்தில். பனி கொட்டும் இரவிலும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கத்தான் வேண்டும். நெருக்கத்தோடு சேர்ந்து காசநோயும் பரவியது.

ஆற்றங்கரை நெசவாலைகளில் வேலை செய்தவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். விடியுமுன் இருட்டில் ஆலைக்குப் போய், இருட்டிலேயே வீடு திரும்பியவர்கள். அவர்களுடைய வாழ்வைக் கதையாகவும் நாடகமாகவும் எழுதிய ஒஸ்கார் பிரோட்டன் என்ற எழுத்தாளரின் தாயாரும் ஆலைத் தொழிலாளியே.

ஒரு துண்டு நிலம்

காணி விற்பவருக்கு ஒவ்வொரு அடியும் பணம். நடுவிலே ஒரு துண்டை வெறுமனே விடுவதென்றால் கை நடுங்கும். ஆனால் மேயர் விட்டார். பேர்ச் மரங்கள் நின்ற ஒரு சதுர நிலத்தை 1882இல் நகரத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். பிர்க்கெலுண்டன், அதாவது பேர்ச் மரச் சோலை, என்று அதற்குப் பெயர். அறைக்குள் மூச்சு முட்டிய தாய்மாருக்கும் ஓடி விளையாட இடமில்லாத பிள்ளைகளுக்கும் அது ஆகாயம் தெரியும் முற்றமானது.

இது முழுக்க முழுக்கத் தர்மந்தானா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அருகில் பூங்கா இருந்தால் சுற்றியுள்ள காணிக்கு மதிப்பு ஏறும் என்பது வியாபாரிக்குத் தெரியாதா? நெருக்கடியான வீடுகள் எழுந்ததும் அவர் விற்ற நிலத்தில்தானே? இரண்டும் உண்மை. ஒரே கை இலாபமும் எடுத்தது, கொடுக்கவும் செய்தது. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பது நீதியாகாது. மேயர் 1909இல், தமது 90ஆவது வயதில் காலமானார்.

இன்று

1970களில் பாகிஸ்தானிலிருந்து வேலை தேடிப் பலர் ஒஸ்லோவுக்கு வந்தார்கள். முதலில் ஆண்கள் தனியாக, பின்னர் மனைவி மக்களும். நகரின் கிழக்குப் பகுதியில், கிரூனர்லொக்கா உட்பட, வாடகை குறைந்த பழைய வீடுகளே அவர்களில் பலருக்கு முதல் நிழலாயின. நூறாண்டுக்கு முன் கிராமத்திலிருந்து வந்தவர்கள் ஏறிய அதே படிகளில் அவர்களும் ஏறினார்கள்.

இந்தக் கட்டடங்களை இடித்துத் தள்ளும் திட்டமும் ஒரு காலத்தில் இருந்தது. குடியிருந்தவர்கள் எதிர்த்தார்கள். இடிப்பதற்குப் பதிலாகப் பல வீடுகள் திருத்தப்பட்டன. 2006இல் பிர்க்கெலுண்டனும் அதைச் சூழ்ந்த கட்டடங்களும் பாதுகாக்கப்பட்ட மரபுச் சூழலாக அறிவிக்கப்பட்டன. ஆனால் இன்று அங்கே வீட்டின் விலை மிக உயர்ந்துவிட்டது. ஏழைத் தொழிலாளிக்காக எழுந்த பகுதியில் ஏழைத் தொழிலாளி வீடு வாங்க முடியாத நிலை! பூங்கா மட்டும் மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே பழைய பொருட்கள் விற்கும் சந்தை கூடுகிறது. புல்வெளியில் உட்காருவதற்கு யாரும் யாரிடமும் காசு கேட்பதில்லை.

மேயரின் பெயர் அவர் வாழ்ந்த காலத்திலேயே வீதிக்கு வந்துவிட்டது. ஆலைப் பெண்களோ 1986 வரை காத்திருந்தார்கள். அந்த ஆண்டில்தான் ஆற்றின் பாலமொன்றில் அவர்களுக்குச் சிலை வைக்கப்பட்டது. அதிலும் தனிப் பெயர்கள் இல்லை. ‘தொழிற்சாலைப் பெண்கள்’ என்பதே பெயர்.

விற்ற காணிகள் எத்தனையோ கை மாறிவிட்டன. அவற்றால் வந்த பணமும் எங்கெங்கோ போய்விட்டது. கொடுத்த காணி மட்டும் கொடுத்த இடத்திலேயே இருக்கிறது. நம்மிடம் இருப்பதில் எது நமக்குப் பின்னும் நிற்கும் என்று ஒரு கணம் யோசித்துப் பார்ப்பதற்கு, இந்தச் சின்னஞ்சிறு சோலையின் கதை நமக்கும் போதுமல்லவா?