பிடுங்கி வைத்த மட்டை



ஆசிரியர் தின வாழ்த்து அனுப்பிய எல்லோருக்கும் நன்றி. தனித்தனியாகப் பதில் போட முடியவில்லை, கோபித்துக்கொள்ள வேண்டாம். "உங்களால்தான் சார் இந்த நிலைக்கு வந்தேன்" என்று நிறையப் பேர் எழுதியிருந்தீர்கள். படிக்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்லாமல் அந்த வாழ்த்தை வாங்கிக்கொள்ள மனசு வரவில்லை.

காலை நடைப்பயிற்சிக்குப் போனவன், கோவில்பட்டி கிருஷ்ணா நகர் ஹாக்கி மைதானத்தின் பக்கம் ஒதுங்கினேன். வெளியூரில் இருக்கும் உறவுகளுக்காகச் சொல்கிறேன், எங்கள் ஊருக்குக் கடலைமிட்டாய், தீப்பெட்டிக்கு அடுத்து ஹாக்கிதான் அடையாளம். தலை நரைத்தவர்கள் சிலர் ஆடிக்கொண்டிருந்தார்கள். அதில் பேக் ஆடியவர் ஒருவர் முழங்காலில் உறை மாட்டி, நெற்றியில் துண்டு கட்டியிருந்தார். ஆட்டம் முடிந்ததும் நேரே என்னிடம் வந்து, "சார், என்னைத் தெரியுதா?" என்றார்.

தெரியவில்லை. பெயரைச் சொன்னதும் தெரிந்தது. 1987-88இல் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவன். பக்கத்துக் கிராமம். பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். அவனுக்கு இப்போது 51 வயது. நாலு ஏக்கர் கரிசல் காட்டில் மானாவாரி விவசாயம். மக்காச்சோளமும் உளுந்தும் போடுகிறான்.

"இப்பத்தான் ஆனி மாசத்துல இருந்து வாரேன் சார். சென்னையில நாப்பது வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு ஹாக்கி இந்தியா மாஸ்டர்ஸ் கோப்பைன்னு நடத்துனாங்கல்லா? செல்லுல பாத்தேன். நாம மட்டும் ஏன் சும்மா இருக்கணும்னு தோணுச்சு."

முதல் நாள் நடந்ததைச் சொல்லிச் சிரித்தான். எதிரணி ஃபார்வர்டு ஒருவர் தன்னைத் தாண்டிப் போய் நின்றதும், ஆஃப்சைடு என்று கையைத் தூக்கிவிட்டானாம். மைதானமே சிரித்திருக்கிறது. ஹாக்கியில் அந்த விதியை எடுத்து 25 வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவன் விட்டபோது 35 நிமிஷம் வீதம் இரண்டு பாதி. இப்போது 15 நிமிஷம் வீதம் நாலு பாகம். அன்றைக்கு மண் தரையில் வெறுங்காலில் ஆடினான். இன்றைக்குச் செயற்கைப் புல், அதில் தண்ணீர் தெளித்து ஆடுகிறார்கள். பந்து வழுக்கிக்கொண்டு வரும் வேகத்துக்குக் கண் பழகவே ஒரு மாதம் ஆனதாம்.

"குனிஞ்சு ஆடுறதுக்கு எனக்குக் கஷ்டம் இல்ல சார். களை வெட்டுன இடுப்புதான. முட்டிதான் சொன்னபடி கேக்க மாட்டேங்கு."

நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த ஆட்டத்தை அவன் ஏன் விட்டான் என்று எனக்குத் தெரியும்.

அந்த வருஷம் அரையாண்டுத் தேர்வில் கணக்கில் 18 மார்க் வாங்கினான். அவன் அப்பாவை வரச் சொன்னேன். அவர் தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். "கம்பைப் பிடிச்சா சோறு கிடைக்குமா?" என்று அவர் முன்னாலேயே மகனைக் கேட்டேன். மட்டையைப் பிடுங்கி ஆசிரியர் அறைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். பொங்கல் கழித்து வந்த சனிக்கிழமை மாவட்ட அணிக்கு ஆள் எடுத்தார்கள். அன்றைக்கு அவனைக் கணக்குச் சிறப்பு வகுப்பில் உட்கார வைத்தேன். எனக்கு அப்போது 28 வயது. நல்லது செய்கிறேன் என்று முழுசாக நம்பினேன்.

கணக்கில் அவன் தேறினான். பத்தாவது முடித்ததும் அப்பா தவறிவிட, காட்டுக்குப் போய்விட்டான். அவனோடு ஆடிய பையன்களில் சிலர் ஹாக்கியை வைத்தே போலீஸிலும் ரயில்வேயிலும் வேலைக்குப் போனார்கள். நம்ம ஊர் மாரீஸ்வரன் சக்திவேல் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கே ஆடினார். கம்பைப் பிடித்துச் சோறு சாப்பிட்டவர்கள் இந்த ஊரில் எத்தனையோ பேர்.

"அந்த மட்டையை நான் உனக்குத் திருப்பித் தரவே இல்லையேப்பா" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்: "அது என் மட்டை இல்ல சார். எங்க சித்தப்பா மகனோடது, இரவல் வாங்கிட்டு வந்தது. அந்தக் கோடையில பருத்தி எடுக்கப் போயி, கூலியச் சேத்து வச்சு அவனுக்குப் புது மட்டை வாங்கிக் குடுத்தேன்."

எனக்கு இது தெரியவே தெரியாது. மாறுதலில் போனபோது பீரோ சாவியை இன்னொருவரிடம் கொடுத்தேன். உள்ளே ஒரு பிள்ளையின் பொருள் இருக்கிறது என்ற நினைப்பே இல்லை.

"என் மேல கோபம் உண்டா?" என்று கேட்டேன்.

"வருத்தம் இருந்துச்சு சார். இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். பருத்தி எடுக்கையில ஒங்கள நிறைய வஞ்சிருக்கேன். ஆனா நீங்க சொல்லிக்குடுத்த கணக்குலதான் இன்னைக்கும் யாவாரி எடை போடும்போது ஏமாறாம இருக்கேன். ரெண்டும் உண்மதான்."

மன்னித்துவிட்டேன் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தான். காசு கொடுக்கப் போன என் கையைத் தள்ளிவிட்டான்.

புரட்டாசி வந்தால் விதைப்பு. அது முடிந்து களை எடுக்கும்வரை ஆட வர முடியாதாம். "கார்த்திகையில திரும்ப வாரேன். வந்து பாருங்க சார்" என்றான். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

என்னிடம் படித்தவர்களில் இப்போது ஆசிரியர்களாக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நாளைக்குப் பள்ளிக்கூடம் போனதும் பீரோவைத் திறந்து பாருங்கள். பம்பரம், பந்து, மட்டை, கதைப் புத்தகம் எது இருந்தாலும் உரியவனைக் கூப்பிட்டுக் கொடுத்துவிடுங்கள். அது யாருடையது என்றும் கேளுங்கள். நான் கேட்கவில்லை.

மற்றவர்களுக்கு: உங்களில் யாரிடமாவது எதையாவது பிடுங்கி வைத்துத் திருப்பித் தராமல் இருந்திருந்தால் எனக்குப் போன் பண்ணுங்கள். நம்பர் பழையதுதான். சாயங்காலம் வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு சார்