குழலுக்குள் சிக்கிய துணி

ஆகஸ்ட் கடைசி வாரத்தில் குடகின் துப்பாக்கிப் பட்டறைகளில் யாருக்கும் கை ஒழிவதில்லை. செப்டம்பர் 3 கைல்போள்து. நாற்று நடவு முடிந்து, அதுவரை பூஜை அறையில் சார்த்தி வைத்திருந்த ஆயுதங்களை எடுத்துத் துடைத்துப் பூச்சூட்டிக் கும்பிடும் நாள். மதியம் கடம்புட்டு என்னும் அரிசி உருண்டையும் பன்றிக் கறியும். சாப்பாடு செரித்ததும் தேங்காயைக் குறிவைத்துச் சுடும் போட்டி. துப்பாக்கியை அவர்கள் தோக்கு என்கிறார்கள். அதன் வாயில் செருகும் பூ தோக்குப் பூ; நம் பக்கத்து வேலிகளில் படரும் செங்காந்தள்தான் அது. ஆண்டு முழுவதும் துப்பாக்கியைத் தொடாதவர்கள்கூட அந்த வாரம் எண்ணெயும் துணியுமாக உட்கார்ந்துவிடுகிறார்கள். அப்படி உட்கார்ந்தவர்களில் சிலர் மறுநாள் பட்டறைக்கு வருகிறார்கள். அவர்களைப் பார்க்கத்தான் நான் தெற்குக் குடகின் அந்தச் சிற்றூருக்குப் போயிருந்தேன்.

பட்டறை என்றால் ஒரே அறை. ஒரு லேத், ஒரு வைஸ், மழை ஈரத்துக்குப் பயந்து எந்நேரமும் எரியும் குண்டு பல்பு. சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் உரிமப் பத்திரம். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1861இல் வெள்ளைக்கார அரசு கொடுத்த விலக்கு இன்னும் தொடர்வதால், குடவரும் ஜம்மா என்னும் பரம்பரை உரிமை நிலம் வைத்திருப்பவர்களும் உரிமம் எடுக்காமலே துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். 2029 வரை அதை நீட்டித்திருக்கிறார்கள். எதிர்த்துப் போட்ட வழக்கில் 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றமும் விலக்கு செல்லும் என்றது. ஆனால் அந்தத் துப்பாக்கியைப் பழுது பார்ப்பவருக்கு 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் முடியாது. ஆக, பட்டறைக்கு வருகிறவர்களில் பலரிடம் உரிமம் இல்லை. வேலை செய்கிறவர் மட்டும் பதிவேடு எழுதிக்கொண்டிருக்கிறார்.

மேஸ்திரிக்கு அறுபதைத் தாண்டிய வயது. தாத்தா சேலத்துப் பக்கத்திலிருந்து காபித் தோட்டத்துக்குக் கூலியாக வந்தவர். அதனால் என்னிடம் தமிழில் பேசினார், கன்னடம் கலந்த தமிழ். நான் போனபோது ஒரு கல்லூரிப் பையன் .22 ரைஃபிளை மேசையில் கிடத்திவிட்டு நின்றிருந்தான். துடைக்கும்போது துணி உள்ளே மாட்டிக்கொண்டதாம்.

12 போர் இரட்டைக் குழலுக்கு இந்தத் தொல்லை குறைவு. உள்ளே வழவழப்பு, 18 மி.மீட்டருக்கும் மேல் அகலம். மாட்டினாலும் தடித்த கழியால் தள்ளிவிடலாம். .22 அப்படியல்ல. உள்விட்டம் 5.6 மி.மீட்டர்தான். குண்டு சுழன்றுகொண்டே போவதற்காக உள்சுவரில் திருகலாக வரிப்பள்ளம் வெட்டியிருக்கும். வழக்கமாக 16 அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று. பள்ளத்தின் ஆழம் ஒரு தலைமுடியின் கனம் இருந்தால் அதிகம். துப்பாக்கியின் குறி தப்பாமல் இருப்பதெல்லாம் அந்த முடியளவுப் பள்ளத்தில்தான் இருக்கிறது. கோலின் நுனியில் துணித் துண்டைக் குத்தி, தோட்டா போடும் பக்கத்திலிருந்து நுழைத்து, வாய்ப்பக்கம் வெளியே வரும்வரை ஒரே வீச்சில் தள்ள வேண்டும். பாதியில் நிறுத்திப் பின்னால் இழுத்தால் நுனி உருவிக்கொண்டு வந்துவிடும். துணி மடிந்து சுருண்டு அங்கேயே நின்றுவிடும். பையன் செய்தது அதைத்தான்.

மேஸ்திரி முதலில் போல்ட்டைக் கழற்றினார். மேகசினை எடுத்துப் பார்த்தார். பிறகு குழலின் பின்பக்கம் தோட்டா உட்காரும் அறைக்குள் டார்ச் அடித்துப் பார்த்து, மெல்லிய கம்பியாலும் தொட்டுப் பார்த்தார். துணிக்குப் பின்னால் ஒரு தோட்டா மறந்து கிடந்ததைத் தன் காலத்தில் பார்த்திருக்கிறாராம்.

அடுத்து அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. வாய்ப்பக்கம் ஒரு கோலை மெதுவாக விட்டார். முட்டியதும் குழல் விளிம்புக்கு நேராகக் கோலில் நூலைக் கட்டினார். இன்னொரு கோலைப் பின்பக்கமிருந்து விட்டு அதிலும் நூல் கட்டினார். இரண்டையும் வெளியே எடுத்துக் குழலுக்கு வெளிப்புறமாக, நூல் விளிம்பில் நிற்கும்படி வைத்தார். கோல்களின் நுனிகளுக்கு நடுவே இருந்த இடைவெளிதான் அடைப்பின் நீளம்.

"எத்தனை துணி தம்பி உள்ள இருக்கு?"

"ஒண்ணுதான், அண்ணா."

"ஒரு துணி இவ்வளவு நீளம் வராது. ரெண்டு."

முதல் துணியைத் தள்ளிவிட இரண்டாவதை நுழைத்ததைப் பையன் அப்போதுதான் ஒப்புக்கொண்டான்.

குழலைக் கட்டையிலிருந்து பிரித்து, வாய் கீழே இருக்கும்படி மூலையில் சாய்த்து, பின்பக்கம் வழியாக மண்ணெண்ணெயும் மெல்லிய எண்ணெயும் கலந்து ஊற்றினார். பையன் வாட்சைப் பார்த்தான். "அவசர பேட" என்றார் மேஸ்திரி. எண்ணெய் தானாக ஊறி இறங்க வேண்டும், சாயங்காலம் வா என்று அனுப்பிவிட்டார்.

நான் போகவில்லை. அவர் லேத்தில் ஒரு பித்தளைக் கம்பியைக் கடைய ஆரம்பித்திருந்தார். உள்விட்டத்தைவிட மயிரிழைதான் குறைவு. நுனியைத் தட்டையாகச் சீவினார். ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறீர்கள், மெல்லிய இரும்புக் கம்பி ஒன்று போதாதா என்று கேட்டேன். ஒல்லிக் கம்பி துணியின் நடுவில் இறங்கும். துணி நாலா பக்கமும் விரிந்து சுவரை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். அடிக்க அடிக்க ஆப்பு இறங்குகிற கதைதான். மரக்குச்சி அதைவிட மோசம். சாய்வாகப் பிளந்து, அதன் இரண்டு பாதிகளும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு உள்ளேயே தங்கிவிடும். துணியை எடுக்க வந்தவர் பிறகு மரத்தையும் எடுக்க வேண்டும். பித்தளை எஃகைவிட மெத்து என்பதால் வரிப்பள்ளத்தைக் கீறாது.

இன்னொரு வழியும் ஊருக்குள் உலவுகிறது: ஒரு தோட்டாவைப் போட்டுச் சுட்டால் துணி தானாகப் பறந்துவிடும் என்பது. .22 தோட்டா வெடிக்கும்போது சதுர அங்குலத்துக்கு 24,000 பவுண்டு வரை அழுத்தம் எழும். குண்டு துணியில் முட்டித் தயங்கும் அந்த நொடித் துணுக்கில் அழுத்தம் அந்த இடத்திலேயே குவிந்து குழலை மோதிரம்போலப் புடைக்க வைக்கும். பெரிய ரைஃபிளாக இருந்தால் குழல் கிழிந்து, பிடித்திருக்கும் கையையும் கொண்டுபோகலாம். அப்படிப் புடைத்த குழல் ஒன்றை மேஸ்திரி பரணிலிருந்து எடுத்துக் காட்டினார். வெளியே ஒன்றும் தெரியவில்லை. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்த்தால் நடுவில் கறுப்பாக ஒரு வளையம். யாருடையது என்று கேட்டேன்; சொல்லவில்லை. தொழில் தர்மம் என்று எடுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் வைஸின் தாடைகளில் தோல் சுற்றிக் குழலைப் பிடித்தார். வாயில் ஒரு பித்தளைப் பூணைச் செருகி, அதன் துளை வழியாகக் கம்பியை விட்டார். விளிம்பில் கம்பி உரசக் கூடாது. துணி வந்த வழியே, அறைப் பக்கமாகத் திரும்பிப் போக வேண்டும். அந்தப் பக்கம்தான் தூரமும் குறைவு. கொட்டாப்புளியால் தட்டினார். அடி என்று சொல்ல முடியாது, கதவைத் தட்டுவதுபோலக்கூட இல்லை. ஏழெட்டுத் தட்டுக்குப் பிறகு நிறுத்தி, கம்பியில் போட்ட கோட்டைப் பார்த்தார். நகரவில்லை. நான் பலத்தைக் கூட்டுவார் என்று நினைத்தேன். அவர் குழலைக் கழற்றி மறுபடி எண்ணெய் ஊற்றிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அந்த டீ நேரம்தான் வேலையில் பாதி என்று எனக்குப் பட்டது. துணியால் குழல் கெடுவதில்லை. துணியோடு கோபித்துக்கொள்ளும் கையால்தான் கெடுகிறது. பட்டறைக்கு வரும் கெட்ட குழல்களில் பெரும்பாலானவை அப்படிக் கெட்டவைதான் என்று மேஸ்திரியும் சொன்னார்.

டீக்குப் பிறகு தட்டியபோது சத்தம் மாறியிருந்தது. கணீரென்று இருந்தது மொத்தென்று ஆனது. "ஆயிது" என்றார். கோடு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது. கடைசியில் சுத்தி வேண்டியிருக்கவில்லை. கையால் தள்ளியதும் கறுத்த உருண்டை ஒன்று மேசையில் விழுந்தது. பிரித்தால் இரண்டு துண்டுகள். பழைய ஜீன்ஸ் பேன்ட்டில் கத்தரித்தவை. .22க்கு ஜீன்ஸா என்று மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார். பனியன் துணியில் கட்டைவிரல் நக அளவு போதுமாம்.

குழலைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பார்த்தார். வளையம் இல்லை. பிறகு காது குடையும் பஞ்சுக் குச்சியை வாய் விளிம்பில் உள்ளிருந்து வெளியாக மெல்ல இழுத்தார். ஓரிடத்தில் பஞ்சு இழை மாட்டிக்கொண்டு நின்றது.

"வாய்ப்பக்கத்துல இருந்து என்னத்தை விட்டுக் குத்தினே?"

"குடைக் கம்பி."

குண்டு வெளியேறும் கணத்தில் பின்னால் வரும் வாயு விளிம்பைச் சுற்றி ஒரே சீராகப் பிரிய வேண்டும். ஒரு பக்கம் பிசிறு இருந்தால் வாயு அந்தப் பக்கம் முந்திக்கொண்டு குண்டைச் சாய்த்துவிடும். வரிப்பள்ளம் எவ்வளவு சுத்தமாக இருந்தும் பயனில்லை, தேங்காய் தப்பித்துவிடும்.

"பூஜைக்கு வை, பூ வை. போட்டிக்குக் கொண்டு போகாதே. பண்டிகை முடிஞ்சு வா, லேத்துல விளிம்பைச் சீவித் தரேன்."

பையன் முகம் விழுந்துவிட்டது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "வீட்டுல தாத்தாவோட இன்னொரு .22 இருக்கு, அண்ணா. அதை எடுத்துட்டுப் போகட்டுமா?" என்றான்.

மேஸ்திரி பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "அதையும் நீயா துடைச்சே?"